மூணு குழந்தை போட்டோவும் மூணாம் பக்க விளம்பரமும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மூணாம் பக்கம் முழுக்க ஒரு கருத்தரிப்பு மையத்தோட விளம்பரம் வந்திருந்துச்சு, உறைய வச்ச கரு முறையில 80 சதவீதம் வெற்றின்னு கொட்டை எழுத்துல. அதே பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல, கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு அம்மாவுக்கு ஒரே பிரசவத்துல மூணு குழந்தை, டாக்டர்கள் சாதனை, தாயும் சேய்களும் நலம்னு போட்டோவோட ஒரு நியூஸ். நலம்னு போட்டிருக்கீங்க, சரி. அந்த போட்டோவுல நடுவுல இருக்கற குழந்தைக்கு வாய் ஓரமா ஒரு டியூப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கு பாருங்க, அது பால் குடுக்குற டியூப், அந்தக் குழந்தைக்கு இன்னும் உறிஞ்சிக் குடிக்கத் தெரியலைன்னு அர்த்தம். நான் மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில பச்சக்குழந்தைங்க ஐசியுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், அதனால போட்டோவப் பாத்த உடனே என் கண்ணு டியூபுக்குத்தான் போச்சு. விளம்பரத்தப் பத்தியும் அந்த நியூஸப் பத்தியும் சேர்த்தே எழுதணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அந்த 80. எதுல 80ன்னு விளம்பரத்துல எங்கயும் இல்ல. தெரியாதவங்களுக்காக சொல்றேன், இந்த ட்ரீட்மெண்ட்ல என்ன நடக்குதுன்னா, அந்தப் பொண்ணுக்கு பத்து நாள் கிட்ட ஊசி போட்டு முட்டைய வளர வச்சு மயக்கம் குடுத்து வெளிய எடுப்பாங்க, லேப்ல விந்தணுவோட சேர்த்து அஞ்சாம் நாள் வரைக்கும் வளர்ப்பாங்க, அப்படி வளர்ந்ததத்தான் பிளாஸ்டோன்னு சொல்றது. பத்து முட்டை எடுத்தா பத்தும் கருவாகாது. சிலது முத்தியிருக்காது, சிலது சேராது, சேர்ந்ததுலயும் பாதி கிட்ட அஞ்சாம் நாள் வர்றதுக்குள்ள வழியிலயே நின்னுடும், அஞ்சாம் நாள் மூணு தேறுனாலே நல்லதுன்னு சொல்வாங்க. சில பேருக்கு ஒண்ணு கூட தேறாது. தேறுனத மைனஸ் 196 டிகிரியில திரவ நைட்ரஜன்ல போட்டு வச்சுட்டு, ஒரு மாசமோ ஆறு மாசமோ கழிச்சு கர்ப்பப்பை லைனிங்க மாத்திரை போட்டு ரெடி பண்ணி உள்ள வைப்பாங்க. இதுதான் எஃப்.இ.டி.

இப்ப யோசிங்க, இந்த 80 சதவீதத்த கணக்குப் போடும்போது கீழ யாரையெல்லாம் போட்டாங்க? ஊசி போட ஆரம்பிச்ச அத்தன பேரையுமா, இல்ல கடைசி வரைக்கும் வந்து கரு வச்சுக்கிட்டவங்கள மட்டுமா? முட்டையே சரியா வராதவங்க, கரு தேறாதவங்க, காசு தீந்து பாதியில நின்னவங்க இவங்கெல்லாம் அந்தக் கணக்குல இருக்காங்களா? பிளஸ் டூல நூறு சதவீத தேர்ச்சின்னு வாசல்ல பேனர் கட்டுற ஸ்கூலு, சுமாரா படிக்கிற பசங்கள லெவன்த் முடியுறப்பவே டிசி குடுத்து அனுப்பியிருக்கும்ல, அந்தக் கணக்குதான் இதுவும். பொய்யுன்னு சொல்ல முடியாது, ஆனா அத நம்பி நம்ம புள்ளைய அங்க சேர்க்கவும் முடியாது.

மேல போடுற நம்பர்லயும் இதே கதை. கரு வச்சு பத்து பன்னெண்டு நாள்ல பீட்டான்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுப்பாங்க, அது பாசிட்டிவ் வந்தாலே வெற்றின்னு எழுதிக்கிற இடம் இருக்கு. பீட்டா பாசிட்டிவ் வந்து ஒரு வாரத்துல எறங்கிப் போறது உண்டு, ஸ்கேன்ல பை தெரிஞ்சு ஹார்ட்பீட் வராமப் போறது உண்டு, ஹார்ட்பீட் வந்தும் மூணாம் மாசம் கலையுறது உண்டு. பீட்டால ஆரம்பிச்சு கைல குழந்தை வர்ற வரைக்கும் ஒவ்வொரு படியிலயும் ஆளு குறையும். குழந்தை வேணும்னு வர்ற ஜோடிக்கு வேண்டியது கடைசி நம்பர் மட்டும்தான், உசுரோட வீட்டுக்கு வர்ற குழந்தை. விளம்பரத்துல போடறது பெரும்பாலும் மொதல் நம்பர்.

வயசும் இருக்கு. இங்கிலாந்துல இந்த ட்ரீட்மெண்ட்ட கண்காணிக்கறதுக்குன்னே எச்.எஃப்.இ.ஏ.ன்னு ஒரு அரசு அமைப்பு இருக்கு, அங்க எல்லா க்ளினிக்கும் கணக்கு குடுத்தாகணும். அவங்க 2019 கணக்குப்படி, சொந்த முட்டையில ட்ரீட்மெண்ட் எடுத்த 35 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு வச்ச ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பொறக்குற வாய்ப்பு சுமாரா 32 சதவீதம், 40லேர்ந்து 42 வயசுல சுமாரா 11 சதவீதம். அவ்வளவு கண்டிப்பா கணக்கு வச்சிருக்கற ஊர்ல, சின்ன வயசு பொண்ணுங்களுக்கே மூணுல ஒண்ணு. இங்க எல்லா வயசுக்கும் சேர்த்து 80ன்னா நான் எப்படி நம்பறது? உறைய வச்ச கருவுல இன்னொரு விஷயம், கணக்கு முட்டை எடுத்த நாள்ல இருந்த வயசுக்குத்தான். 32ல எடுத்து ஃப்ரீஸ் பண்ணத 37ல வச்சாலும் கருவோட வயசு 32தான். இத விளக்கிச் சொல்ற டாக்டருங்க இருக்காங்க, நல்லவங்க, அவங்க முழுப்பக்க விளம்பரம் குடுக்கறதில்ல.

முட்டை எடுத்த அதே தடவையில உறைய வைக்காம ஃப்ரெஷ்ஷா வைக்கறத விட, உறைய வச்சு வைக்கற ஃப்ரோசன்தான் பெஸ்ட்டுன்னு ஒரு பேச்சு இப்ப எல்லாப் பக்கமும் ஓடுது. அதுல பாதி உண்மை இருக்கு. பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை இருக்கற 1,508 பொண்ணுங்கள வச்சு சீனாவுல ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2016ல வெளியிட்டாங்க, ஃப்ரோசன்ல 49.3 சதவீதம் பேருக்கு குழந்தை பொறந்துச்சு, ஃப்ரெஷ்ல 42. அதவிட முக்கியம், சினைப்பை வீங்கி வயித்துல தண்ணி கோத்துக்கிற ஓ.எச்.எஸ்.எஸ்.ங்கற ஆபத்து ஃப்ரெஷ்ல 7.1 சதவீதம் பேருக்கு வந்தது ஃப்ரோசன்ல 1.3தான். ஆனா அதே ஆய்வுல ஃப்ரோசன் வச்சவங்களுக்கு கர்ப்பத்துல பிரஷர் ஏறுற பிரீஎக்லாம்ப்சியா 4.4 சதவீதம், ஃப்ரெஷ்ல 1.4. ரெண்டு வருஷம் கழிச்சு பிசிஓஎஸ் இல்லாதவங்கள வச்சு வியட்நாம்ல ஒரு ஆய்வு, மாசாமாசம் ஒழுங்கா முட்டை வெடிக்கிறவங்கள வச்சு சீனாவுல ஒண்ணு, ரெண்டுலயும் ஃப்ரோசனுக்கும் ஃப்ரெஷ்ஷுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல, சீனாவுல குழந்தை பொறந்தது ஃப்ரோசன்ல 48.7 சதவீதம் பேருக்கு, ஃப்ரெஷ்ல 50.2. ஆக சில பேருக்கு ஃப்ரீஸ் பண்றது ரொம்ப நல்லது, மத்தவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எல்லாருக்கும் மந்திரம் மாதிரி விக்கறதத்தான் நான் தப்புன்னு சொல்றேன்.

ஃப்ரீஸ் பண்ற வித்தைய நான் கொறச்சு சொல்லல. 1978ல கொல்கத்தாவுல சுபாஷ் முகர்ஜின்னு ஒரு டாக்டர், சாதாரண ஃப்ரிட்ஜும் கைல கெடச்ச சாமானும் வச்சுக்கிட்டு கருவ 53 நாள் உறைய வச்சு அப்புறம் உள்ள வச்சார், அக்டோபர் 3ம் தேதி துர்கா பூஜை சமயத்துல பொண்ணு பொறந்துச்சு, துர்கான்னே பேரு வச்சாங்க. இங்கிலாந்துல உலகத்தோட மொதல் டெஸ்ட் டியூப் குழந்தை பொறந்து ரெண்டரை மாசம் கூட ஆகல அப்ப. அரசாங்கம் கமிட்டி போட்டு அவர நம்ப மாட்டோம்னுடுச்சு, கண் டிபார்ட்மெண்ட்டுக்கு மாத்துனாங்க, 1981ல அந்த மனுஷன் தற்கொலை பண்ணிக்கிட்டார். ரொம்ப வருஷம் கழிச்சு அவர் எழுதி வச்ச குறிப்பெல்லாம் எடுத்துப் பாத்துட்டுத்தான் ஒத்துக்கிட்டாங்க. வெளிநாட்டு புஸ்தகத்துல உறைய வச்ச கருவுல பொறந்த மொதல் குழந்தைன்னு 1984ல மெல்போர்ன்ல பொறந்ததத்தான் போடுவாங்க. சொல்ல வந்தத விட்டுட்டேன், ஆனா நம்ம நாட்டுல ஆரம்பிச்ச விஷயம்ங்கறதால சொல்லத் தோணுச்சு. அப்பல்லாம் மெதுவா உறைய வைப்பாங்க, உள்ள ஐஸ் கட்டி கரு சேதமாயிடும், இப்ப விட்ரிஃபிகேஷன்னு சட்டுனு உறைய வைக்கறதால நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல உசுரோட திரும்பி வருது.

நான் சொல்ல வர்றது இங்கதான் இருக்கு. கருவ பத்திரமா வச்சு எடுக்க முடியும்னா, அப்புறம் எதுக்கு ஒரே நேரத்துல ரெண்டு மூணு வைக்கணும்? முன்னாடி ஃப்ரீசர் சரியில்லாத காலத்துல மிச்சம் வச்சா வீணாயிடும்னு மொத்தமா வச்சாங்க, அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. இப்ப ஒண்ண வச்சுட்டு மத்தத ஃப்ரீசர்ல விட்டா அது எங்கயும் ஓடிடாது, சட்டமே பத்து வருஷம் வரைக்கும் வச்சிருக்க விடுது. மொதல் தடவ நிக்கலைன்னா அடுத்தத வைக்கலாம், நின்னு குழந்தை பொறந்தா மிச்சத்த தம்பி தங்கச்சிக்கு வச்சுக்கலாம்.

இத யாரும் பரிசோதிச்சுப் பாக்கலையான்னு கேப்பீங்க. 2004லயே பாத்துட்டாங்க. சுவீடன், நார்வே, டென்மார்க் க்ளினிக்குகள்ல 36 வயசுக்கு கீழ உள்ள 661 பொண்ணுங்கள ரெண்டா பிரிச்சாங்க. 331 பேருக்கு ஒரே நேரத்துல ரெண்டு கரு. 330 பேருக்கு ஒரு கரு, அது நிக்கலைன்னா உறைய வச்சதுல இன்னொண்ணு. ரெண்டு வச்சவங்கள்ல 142 பேருக்கு குழந்தை பொறந்துச்சு, ஒண்ணொண்ணா வச்சவங்கள்ல 128 பேருக்கு. வித்தியாசம் வெறும் 14 பேரு, கிட்டத்தட்ட சமம்தான். ஆனா ரெண்டு வச்ச 142 பேர்ல 47 பேருக்கு ஒண்ணுக்கு மேல, அதாவது 33 சதவீதம். ஒண்ணொண்ணா வச்ச 128 பேர்ல ஒரே ஒருத்தருக்குத்தான் ரெட்டை, அதுவும் ஒரு கரு தானா ரெண்டாப் பிரிஞ்சது, அத யாராலயும் தடுக்க முடியாது. 14 பேருக்கு கூடுதலா குழந்தை கெடைக்கறதுக்காக 46 பேர ரெட்டைப் பிரசவத்துக்கு அனுப்பறோம், அதுதான் இந்தக் கணக்கு. இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஃப்ரீசிங் அப்ப இருந்தத விட இப்ப எவ்வளவோ தேறியிருக்கு.

ரெட்டைன்னா என்ன கெட்டுப் போச்சு, ரெண்டு குழந்தைன்னா சந்தோஷம்தானேன்னு எங்க வீட்லயே கேட்டாங்க. எங்க வார்டுக்கு வந்து ஒரு நைட் டூட்டி நின்னு பாருங்கன்னுதான் சொல்லத் தோணும். ரெட்டைப் புள்ளைங்கள்ல பாதிக்கு மேல குறை மாசம், மூணுன்னா பத்துக்கு ஒம்போதுக்கு மேல குறை மாசம். 30 வாரத்துல பொறந்த மூணு குழந்தை வருதுன்னு வைங்க, ஒவ்வொண்ணும் ஒண்ணேகால் கிலோ கூட இருக்காது, தோலு பட்டுப் பூச்சி றெக்க கணக்கா இருக்கும், பிளாஸ்திரிய உரிக்கறப்ப தோலும் கூட வந்துடுமோன்னு எங்களுக்கு கை நடுங்கும். மூச்சுக்கு மூக்குல சிபேப்புன்னு காத்த அழுத்தி விடற மெஷின் மாட்டணும், சர்ஃபேக்டன்ட் மருந்து நுரையீரலுக்குள்ள விடணும், மூச்சு விட மறந்துடும், மானிட்டர் கத்தும், ஓடிப்போய் உள்ளங்கால தட்டி விடணும். பால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா 2 எம்எல், டியூப் வழியா, அந்த 2 எம்எல் ஜீரணமாச்சான்னு வயித்த அளந்து பாக்கணும். மூணு குழந்தைக்கும் சேர்த்து பால் பீச்சிக் குடுக்கணும்னு அந்த அம்மா சிசேரியன் தையலோட உக்காந்து முக்கி முக்கி பீச்சுவாங்க, பாட்டில் அடியில ஈரம் மட்டும் இருக்கும், அழுவாங்க. பிரைவேட்டுனா பில்லு ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குன்னு ஏறும், மூணால பெருக்கிக்கணும். கரு வைக்கற செலவு மிச்சம்னு மூணு வச்சவங்க, அந்த மிச்சத்த எங்க கவுண்டர்ல ஒரு வாரத்துல கட்டி முடிச்சுடுவாங்க. நகைய அடகு வச்சுட்டு வந்து ரசீத சட்டைப் பையில வச்சிருக்கற அப்பாக்கள எனக்கு முகம் பாத்தே தெரியும்.

வீட்டுக்கு அனுப்பினா முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க, முடியாது. குறை மாசக் குழந்தைக்கு விழித்திரையில ரத்தக்குழாய் தாறுமாறா வளர்ந்து கண்ணே போயிடலாம், ஆர்.ஓ.பி.ன்னு பேரு. 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்ததோ ரெண்டு கிலோவுக்கு கீழ இருக்கறதோ எதுவானாலும் பொறந்த 30 நாளைக்குள்ள கண் டாக்டர் பாத்தாகணும், ரொம்பச் சின்னதுன்னா அதுக்கும் முன்னாடியே. பாத்தா லேசர்ல காப்பாத்திடலாம், பாக்காம விட்டா அவ்வளவுதான். 1996ல சென்னையில 29 வாரத்துல பொறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்த டெஸ்ட் பண்ணச் சொல்லாம அனுப்பிட்டாங்க, பார்வை போச்சு, கேஸு நடந்து நடந்து 2015ல சுப்ரீம் கோர்ட்டு சுமார் 1.8 கோடி ரூபா குடுக்கச் சொல்லுச்சு. அது கருத்தரிப்பு சிகிச்சையில பொறந்த குழந்தைன்னு நான் சொல்லல, குறை மாசம்னா என்ன வெலைன்னு காட்டத்தான் சொல்றேன். காது டெஸ்டு, மூளை ஸ்கேன், தல நிக்குதா, கால் விறைப்பா இருக்கான்னு வருஷக்கணக்கா நடக்கணும். மூளை வாதம் ரெட்டையில ஒத்தைய விட பல மடங்கு, மூணுல இன்னும் ஜாஸ்தி. இதுல ஒண்ணு கூட உங்க நியூஸ்ல வராது, ஏன்னா நிருபர் பொறந்த அன்னைக்குத்தான் வர்றாரு.

அம்மாவுக்கும் சும்மா இல்ல. ரெண்டு மூணு இருந்தா பிரஷர், சுகர், ரத்தப்போக்கு எல்லாமே கூடும். ஃப்ரோசன்ல ஏற்கனவே பிரஷர் வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தின்னு மேல சொன்னேன்ல, அதுக்கு மேல ரெட்டையும் சேர்ந்தா டபுள் பாரம். மூணு நின்னுடுச்சுன்னா ரிடக்‌ஷன்னு ஒண்ணு பண்ணுவாங்க, மூணாம் மாசம் வாக்குல ஊசி போட்டு ஒண்ண நிறுத்திடறது. எட்டு வருஷம் கோயில் கோயிலா சுத்தி, ஒண்ணு தங்காதான்னு ஏங்குனவங்க கிட்ட மூணுல எத எடுக்கலாம்னு கேக்கற கொடுமை அது. மொதல்லயே ஒண்ணு வச்சிருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இதுக்கு அந்த ஜோடிகள குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது. அவங்க நெலம அப்படி. எங்க பக்கத்து வீட்டு பொண்ணு ஒண்ணு எங்கிட்ட சொல்லுச்சு, "அக்கா, ஒவ்வொரு தடவ வைக்கறதுக்கும் தனியா பணம் கட்டணும், ரெண்டா வச்சா ஒண்ணாவது நிக்கும்ல, ரெண்டும் நின்னா எங்க அத்த வாய அடைச்சுடலாம்ல"ன்னு. லோன் போட்டு கட்டறாங்க, பெரும்பாலான இன்சூரன்ஸ் பாலிசி இதுக்கு ஒரு பைசா தர்றதில்ல, சொந்தக்காரங்க விசேஷத்துக்கு கூப்பிடும்போதே மூஞ்சி ஒரு மாதிரி வச்சுக்கறாங்க, அந்தப் பொண்ணுக்கு ரெண்டுன்னா ஒரே அடியில விடுதலை. டாக்டரும் ரெண்டு வைப்போமான்னு கேட்டா வேண்டாம்னு யாரு சொல்லுவா? க்ளினிக்குக்கும் பாசிட்டிவ் நம்பர் ஏறும். குழந்தைங்க எங்க வார்டுல கெடக்கறது அவங்க கணக்குல வரவே வராது, ஏன்னா அது வேற ஆஸ்பத்திரி வேற பில்லு.

பெல்ஜியம்காரன் இத அழகா பிடிச்சான். 2003ல சட்டம் போட்டு, ஆறு தடவ வரைக்கும் லேப் செலவ அரசாங்கம் குடுக்கும், பதிலுக்கு 36 வயசுக்கு கீழன்னா மொதல் தடவ ஒரே ஒரு கருதான்னுட்டான். காசு பயம் போனா ரெண்டு வைக்கற ஆசையும் போயிடும்னு புரிஞ்சுக்கிட்டாங்க, ரெட்டை குறைஞ்சதுல ஐசியு செலவு மிச்சம், அதுலயே இதுக்கு பணம் வந்துடும்னு கணக்கு. அதே வருஷம் சுவீடன்லயும் பொதுவா ஒண்ணுதான்னு விதி வந்துச்சு. ஜப்பான்ல டாக்டர் சங்கமே 2008ல ஒண்ணுன்னு சொல்லிடுச்சு. இங்கிலாந்துல 1990கள்ல இந்த சிகிச்சையில பொறக்கறதுல 28 சதவீதம் கிட்ட ஒண்ணுக்கு மேல, 2019ல அது 6 சதவீதம். அதனால குழந்தை பொறக்கறது கொறஞ்சுதான்னா இல்ல, அதே காலத்துல ஒரு கருவுக்கு குழந்தை பொறக்குற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேல கூடியிருக்கு. அப்படியே எதிர்ப்பக்கம் பாத்தா அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல ஒரு டாக்டர் ஒரு பொண்ணுக்கு ஒரே தடவையில 12 கரு வச்சு 2009ல எட்டு குழந்தை, உலகமே வாயப் பொளந்து பாத்துச்சு, 2011ல அந்த டாக்டரோட லைசென்ஸ பிடுங்கிட்டாங்க. நம்ம பக்கம் அதே 2019ல குண்டூர்ல எழுபது வயசு தாண்டுன அம்மாவுக்கு ரெட்டைப் பெண் குழந்தை, டாக்டர் டீமுக்கு பாராட்டு, கேக்கு, டிவி.

எல்லாருக்கும் கண்ண மூடிட்டு ஒண்ணுதான்னு நான் சொல்லல. வயசு நாப்பது கிட்ட இருந்து, கருவோட தரமும் சுமாரா இருந்து, முன்னாடி பல தடவ தோத்துப் போனவங்களுக்கு ரெண்டு வைக்கலாமான்னு டாக்டர் யோசிச்சு முடிவெடுக்கறது வேற. இருபத்தெட்டு வயசுப் பொண்ணுக்கு, அஞ்சாம் நாள் நல்ல கிரேடு கரு மூணு கைல இருக்கறப்ப ரெண்டு வைக்கறதுக்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

சட்டம் இல்லாமயும் இல்ல. 2021ல பார்லிமெண்ட்ல நிறைவேறி 2022 ஜனவரி 25லேர்ந்து அமல்ல இருக்கற கருத்தரிப்பு சிகிச்சை ஒழுங்குமுறைச் சட்டம், சிகிச்சைக்கு வர்ற ஜோடிக்கு அந்த க்ளினிக்ல வெற்றி வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லணும், செலவு, பக்கவிளைவு, ஒண்ணுக்கு மேல கரு தங்குற ஆபத்து எல்லாத்தையும் சொல்லணும்னு கடமையாவே வச்சிருக்கு. அந்த க்ளினிக்லங்கற வார்த்தைய கவனிங்க, எங்கயோ வெளிநாட்டுல வந்த நம்பரச் சொல்லித் தப்பிக்க முடியாது. வாடகைத் தாய் விதியில ஒரு தடவைக்கு ஒரு கருதான், சிறப்புக் காரணம் இருந்தா மட்டும் மூணு வரைக்கும்னு எழுதியே இருக்கு. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55ன்னு வயசு வரம்பும் வந்தாச்சு, இனிமே குண்டூர் கதை சட்டப்படி நடக்காது. எழுத்துல எல்லாம் இருக்கு. ஆனா ஜோடி கையெழுத்துப் போடற ஃபாரம் பத்து பக்கம் இங்கிலீஷ்ல இருக்கு, நர்ஸு இங்க இங்கன்னு பெருக்கல் குறி போட்டு வச்சிருப்பா, இவங்க போட்டுக்கிட்டே போவாங்க. நானும் நர்ஸுதான், அந்தப் பெருக்கல் குறி எப்படி போடறதுன்னு எனக்கும் தெரியும். இங்கிலாந்துல எந்த க்ளினிக்ல எந்த வயசுக்கு என்ன ரிசல்ட்டு, எத்தன ரெட்டைன்னு வீட்ல உக்காந்து வெப்சைட்ல பாத்துட்டு அப்புறம் முடிவு பண்றாங்க. நம்ம ஜனங்க கைக்கு வர்றது உங்க பேப்பர் விளம்பரமும் பஸ் ஸ்டாண்டு பேனரும்தான்.

அதனால உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்கறேன். விளம்பரமே வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், பேப்பர் நடத்தறதுக்கு காசு வேணும், எனக்கும் தெரியும். ஆனா சதவீதம்னு ஒரு நம்பர் போட்டா, ஊசி ஆரம்பிச்ச எத்தன பேர்ல எத்தன பேருக்கு உசுரோட குழந்தை, எந்த வயசுக்கு, எந்த வருஷம், அதுல எத்தன பேருக்கு ஒண்ணுக்கு மேலன்னு கீழ ஒரு வரி குடுத்தாத்தான் அச்சடிப்போம்னு உங்க விளம்பரப் பிரிவு சொல்லலாம்ல? கணக்கு இருக்கறவங்க குடுப்பாங்க. இல்லாதவங்க நம்பர எடுத்துட்டு வெறும் குழந்தை படத்தப் போட்டுக்கட்டும்.

இன்னொண்ணு, அந்த மூணு குழந்தை நியூஸ எழுதுன நிருபர் கிட்ட ஒரு மாசம் கழிச்சு திரும்ப அதே வீட்டுக்கு, இல்ல அதே ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வரச் சொல்லுங்க. எத்தன கரு வச்சாங்க, எத்தனையாவது வாரத்துல பொறந்துச்சு, எடை என்ன, கண் டெஸ்ட் எடுத்தாச்சா, இதுவரைக்கும் பில்லு எவ்வளவுன்னு கேட்டு எழுதட்டும். கண் டெஸ்ட் இன்னும் எடுக்கலைன்னு சொன்னாங்கன்னா நியூஸ அப்புறம் எழுதிக்கலாம், மொதல்ல அவங்கள உடனே போகச் சொல்லுங்க, 30 நாள் தாண்டக் கூடாது.

இப்படிக்கு,
உங்க பேப்பர தெனமும் டூட்டி முடிஞ்சு வந்து படிக்கிற ஒரு நர்ஸ்,
மதுரை.